பிறந்த குழந்தையின் நாச்சுவையும் பாலருந்தும் ஆற்றலும்

பிறந்த குழந்தை தன் முயற்சியாற் செய்ய வேண்டிய பணிகளுள் மூச்சு விடுதலுக்கு அடுத்தது பால் அருந்துதலாகும். பார்ப்பவர்க்கு இஃது எளிய செயலாகத் தோன்றும். ஆயினும் உதடு, நாக்கு, தாடை, அண்ணம், தொண்டை ஆகிய உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்கினாலன்றி ஒரு மடக்குப் பாலும் வயிற்றைச் சென்றடையாது. இவ்வியக்கத்தை ஊக்கவும் தளர்த்தவும் வல்ல காரணங்களுள் சுவை ஒன்று.

இது குறித்து மக்களிடையே இருவேறு தவறான கருத்துகள் உள்ளன. பிறந்த குழந்தைக்குச் சுவை தெரியாது என்பது ஒன்று. தேனையோ சர்க்கரை நீரையோ சப்புக்கொட்டி அருந்தும் குழந்தை நலமாகவே இருக்கும் என்பது மற்றொன்று. முதற் கருத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. இரண்டாவது கருத்தோ சில வேளைகளில் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். அதன் காரணத்தைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

உறிஞ்சுதல் நிகழும் முறை

குழந்தையின் வாய் தாயின் மார்பைப் பற்றியவுடன் நாக்கு முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக அலைபோல் அசைகின்றது. அதன் பின்பகுதி கீழிறங்கும்போது வாயினுள் அழுத்தம் குறைந்து, பால் உள்ளே பாய்கின்றது. பாலை விழுங்கும் கணத்தில் மூச்சு நின்று, உடனே மீண்டும் தொடர்கின்றது. உறிஞ்சல், விழுங்கல், சுவாசம் என்னும் மூன்றும் இவ்வாறு முறைவைத்து நிகழ வேண்டும். கருவின் 32 முதல் 34 வாரங்களில் இந்த இசைவு உருவாகத் தொடங்குகின்றது. அதற்கு முன் பிறக்கும் குழந்தைகள் பாலை நேராக உறிஞ்சிக் குடிக்க இயலாமற்போவதற்கு இதுவே முக்கிய காரணம்.

உறிஞ்சுதலுக்கு ஒரு தாளம் உண்டு. குழந்தை சில முறை தொடர்ந்து உறிஞ்சும், சிறிது ஓயும், மீண்டும் உறிஞ்சும். பால் வராத ரப்பர் காம்பைக் குழந்தை நொடிக்கு ஏறத்தாழ 2 முறை உறிஞ்சுகிறது என்றும், பால் வரும்போது அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 முறையாகக் குறைகிறது என்றும் 1968ஆம் ஆண்டு பீட்டர் உல்ஃப் என்னும் ஆராய்ச்சியாளர் விளக்கினார். கள ஊழியர் இச்செய்தியைக் கருவி ஏதுமின்றிப் பயன்படுத்தலாம். ஆழ்ந்த, மெதுவான உறிஞ்சல்களுக்கிடையே விழுங்கும் ஒலி கேட்குமாயின் பால் இறங்குகிறது என்று கொள்ளலாம். விரைவான, மேலோட்டமான அசைவுகளே நீடித்து, விழுங்கும் ஒலி கேளாதாயின் குழந்தைக்குப் பால் போதிய அளவு செல்லவில்லை என்று ஐயுற வேண்டும்.

கருவிலேயே தொடங்கும் சுவையுணர்வு

கருவின் 7ஆம் அல்லது 8ஆம் வாரத்திலேயே நாவில் சுவை அரும்புகள் தோன்றத் தொடங்குகின்றன. 15ஆம் வாரத்தை ஒட்டி அவை பெரும்பாலும் முதிர்ந்த வடிவத்தை அடைகின்றன. கரு பனிக்குட நீரை விழுங்கி வருகின்றது. பிறப்பு நெருங்குங் காலத்தில் அது நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட நீரை விழுங்குகின்றது. தாய் உண்ணும் உணவின் மணப்பொருள்கள் சில இந்நீரிற் கலக்கின்றன. ஆதலால் குழந்தை பிறக்கும்போதே நாவும் மூக்கும் ஓரளவு பழகியவையாக உள்ளன.

1937ஆம் ஆண்டில் டச்சு மருத்துவர் தெ ஸ்நூ, பனிக்குட நீர் மிகுந்திருந்த கர்ப்பிணிகளுக்கு அந்நீரில் சாக்கரின் என்னும் இனிப்புப் பொருளைச் செலுத்தி, கரு விழுங்கும் அளவு கூடுகின்றது என்று அறிவித்தார். 2022ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், காரட் பொடியோ கேல் என்னும் கசப்புக் கீரையின் பொடியோ அடங்கிய குளிகையைக் கர்ப்பிணிகளுக்கு அளித்து, கருவின் முகத்தை அல்ட்ராசவுண்டு கருவியால் நோக்கினர். காரட் உட்கொண்ட தாயரின் கருவில் சிரிப்பை ஒத்த முகத்தோற்றமும், கீரை உட்கொண்ட தாயரின் கருவில் அழுகையை ஒத்த முகத்தோற்றமும் மிகுதியாகக் காணப்பட்டன. கரு உண்மையிலேயே மகிழ்ந்தது அல்லது வருந்தியது என்று இதனாற் கூறிவிட முடியாது. வேறுபாட்டை அது உணர்கின்றது என்பது மட்டும் தெளிவு.

முகக்குறியும் மூளைத்தண்டும்

பிறந்த குழந்தையின் சுவையுணர்வைப் பற்றிய ஆராய்ச்சிகளுள் ஜெரூசலம் நகரில் ஜேக்கப் ஸ்டைனர் 1970களில் நடத்தியவை புகழ்பெற்றவை. முதற்பால் அருந்துமுன்பே குழந்தைகளின் நாவில் சிறிதளவு இனிப்பு, புளிப்பு, கசப்புக் கரைசல்களை அவர் இட்டுப் பார்த்தார். இனிப்புப் பட்டவுடன் முகம் தளர்ந்து, உதடுகளை நக்கி, உறிஞ்சும் அசைவுகள் தோன்றின. புளிப்புக்கு உதடுகள் குவிந்து சுருங்கின. கொயினா போன்ற கசப்புக்கு வாயின் ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்தன. நாக்கு வெளியே தள்ளியது. உப்புக்கு மட்டும் பிறந்த குழந்தைகள் இவ்வளவு தெளிவான குறியைக் காட்டுவதில்லை. உப்பின்பால் விருப்பம் ஏறத்தாழ 4 மாத வயதிலேயே தோன்றுகிறது.

ஸ்டைனரின் ஆராய்ச்சியில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. பெருமூளை வளர்ச்சியின்றிப் பிறந்த குழந்தைகள் சிலரை அவர் சோதித்தபோது, அவர்களும் இதே முகக்குறிகளைக் காட்டினர். ஆகவே சுவைக்கு முகங்காட்டும் இச்செயல் மூளையின் அடிப்பகுதியாகிய மூளைத்தண்டிலேயே நிறைவுறும் ஓர் அனிச்சைச் செயல் என்பது புலனாயிற்று.

குழந்தை ஒரு துளி தேனுக்கு நாக்கைச் சுழற்றுவதைக் கண்டு பெரியோர் மகிழ்கின்றனர். ஆனால் கடும் மூளைக் குறைபாடுள்ள குழந்தையும் அவ்வாறே செய்யக்கூடும். நாவிற்பட்ட துளியை நக்குதற்கு வேண்டிய ஆற்றல் சிறிது. மார்பைப் பற்றி, பத்துப் பதினைந்து நிமிடங்கள் உறிஞ்சி, விழுங்கி, மூச்சையும் ஒழுங்குபடுத்தும் ஆற்றல் பெரிது. முன்னது உள்ளதெனக் கண்டு பின்னதும் உள்ளதென முடிவு செய்தல் தவறாகும்.

இனிப்பு உறிஞ்சலை மாற்றும் விதம்

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் லிப்சிட்டும் அவருடைய உடனாய்வாளர்களும் உறிஞ்சலின் தாளத்தைக் கருவிகளாற் பதிவு செய்து ஆராய்ந்தனர். உறிஞ்சும்போது கிடைக்கும் திரவம் இனிப்பு மிகுந்ததாயின், குழந்தை ஒரு தொடரில் அதிக நேரம் உறிஞ்சியது. இடையிடையே ஓய்ந்தது குறைந்தது. தொடருக்குள் உறிஞ்சும் வேகமோ சற்றுத் தணிந்தது. இதயத் துடிப்பு கூடியது. 1976இல் வெளியான இம்முடிவு, பிறந்து சில நாட்களே ஆன குழந்தையும் சுவைக்கேற்பத் தன் செயலை மாற்றிக்கொள்கின்றது என்பதைக் காட்டியது. இனிப்புக் கரைசல்களைப் பிறந்த குழந்தைகள் வெறும் நீரைவிட மிகுதியாக அருந்துகின்றன என்பதும் 1973இல் வேறோர் ஆய்வாளர் குழுவால் நிறுவப்பட்டது.

இவற்றினும் நம் நாட்டு நிலைக்கு நெருங்கியது 1972இல் கோப்ரி என்பவரும் லிப்சிட்டும் வெளியிட்ட சோதனை. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வெறும் நீரே தொடர்ந்து தரப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்குச் சர்க்கரைக் கரைசலும் வெறும் நீரும் மாறி மாறித் தரப்பட்டன. சர்க்கரையைச் சுவைத்த குழந்தைகள், பின்னர் வெறும் நீர் வந்தபோது, நீரை மட்டுமே அருந்தி வந்த குழந்தைகளைவிடக் குறைவாக உறிஞ்சினர். முன்பு கிடைத்த இனிப்போடு ஒப்பிடப்பட்டதால் நீர் மதிப்பிழந்தது எனலாம். இச்சோதனை நீரைக் கொண்டு நடத்தப்பட்டது. தாய்ப்பாலைக் கொண்டு நடத்தப்படவில்லை. ஆயினும் முதற்சுவை அடுத்து வரும் சுவையைப் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை இதில் அடங்கியுள்ளது.

இனிப்புக்கு மற்றொரு குணமும் உண்டு. அது அழுகையை அடக்குகின்றது. சர்க்கரைக் கரைசல் பிறந்த குழந்தையின் வலியழுகையைக் குறைக்கும் என்று எலியட் பிளாஸ் முதலியோர் 1991இல் காட்டினர். மருத்துவமனைகளில் சிறு சிகிச்சைகளின்போது மருத்துவர் பொறுப்பில் இம்முறை கையாளப்படுவதுண்டு. வீட்டிலோ இதே குணம் ஏமாற்றமாக முடிகின்றது. பசியால் அழுத குழந்தை சர்க்கரை நீர் பட்டவுடன் அடங்கினால், பசி தீர்ந்தது என்று குடும்பத்தார் எண்ணிவிடுகின்றனர். அடங்கியது அழுகை, பசி தீரவில்லை. தடுப்பூசி போடும்போது வலியைக் குறைக்க வேண்டுமாயின் அவ்வேளையில் தாய்ப்பால் ஊட்டச் செய்தலே போதுமானது.

தாய்ப்பாலின் சுவை

முதிர்ந்த தாய்ப்பாலில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் பாற்சர்க்கரை உள்ளது. பசும்பாலில் இது 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. பாற்சர்க்கரையின் இனிப்பு நாம் உண்ணும் கரும்புச் சர்க்கரையின் இனிப்பைவிட மிகக் குறைந்தது. ஆகவே தாய்ப்பால் மென்மையான இனிப்புடையது. சீம்பாலில் பாற்சர்க்கரை குறைவாகவும் புரதமும் உப்புச் சத்தும் மிகுதியாகவும் இருக்கும். கெட்டியான சர்க்கரைப் பாகையோ தேனையோ முதலிற் சுவைத்த நாவுக்குச் சீம்பாலின் சுவை எத்துணை வேறுபட்டது என்பதை இதனால் ஊகிக்கலாம். தாய்ப்பாலில் குளூட்டமேட் என்னும் பொருளும் மிகுதியாக உள்ளது. பருப்பு நீர், தக்காளிச் சாறு ஆகியவற்றின் உவப்பான ருசிக்கும் அதுவே காரணம்.

தாயின் உணவுக்கேற்பப் பாலின் மணம் மாறுகின்றது. பிலடெல்பியாவின் மொனெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லாவும் கேரி பொசாம்பும் 1991இல் தாய்மார்க்குப் பூண்டுச் சாறு அடங்கிய குளிகை கொடுத்து ஆராய்ந்தனர். சுமார் 2 மணி நேரத்தில் பாலிற் பூண்டு மணம் உச்சநிலை அடைந்தது. அவ்வேளை குழந்தைகள் மார்பை அதிக நேரம் பற்றியிருந்தன. பூண்டு, சீரகம், வெங்காயம் போன்றவற்றைத் தாய் உண்டால் குழந்தை பாலை வெறுக்கும் என்று அஞ்சித் தாயின் உணவைக் குறைத்தல் தேவையற்றது. மது அருந்திய தாயின் குழந்தை அப்போது குறைவான பாலே உட்கொண்டது என்பதும் அதே ஆண்டில் அவர்கள் கண்ட முடிவாகும்.

மார்பில் அழற்சி உண்டாகும்போது அப்பக்கத்துப் பாலில் சோடியம் மிகுந்து உப்புச் சுவை ஏறுகின்றது. அதனால் குழந்தை ஒரு பக்கத்தை மட்டும் மறுக்கக்கூடும். காம்பிற் பூசிய களிம்பு, சோப்பு, வேப்பெண்ணெய் ஆகியவற்றாலும் மறுப்பு நேரலாம். காம்பின் இயற்கை மணமே குழந்தைக்கு வழிகாட்டி. 1994இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரு மார்பைக் கழுவி மற்றதைக் கழுவாது விட்டபோது, 30 குழந்தைகளுள் 22 கழுவாத மார்பையே நாடின. ஒவ்வொரு முறையும் பாலூட்டுமுன் சோப்பினால் மார்பைக் கழுவ வேண்டும் என்று தாய்க்கு அறிவுறுத்தல் ஆகாது.

முதல் இனிப்பு என்னும் வழக்கம்

பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பை வைத்தல் நம் நாட்டின் பல பகுதிகளிலும் நெடுங்கால வழக்கம். வட மாநிலங்களில் தேன், வெல்ல நீர், ஜனம்குட்டி எனப்படும் மருந்துக் கலவை முதலியன அளிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இது சேனை வைத்தல் எனப்படும். குழந்தையின் வாழ்வு இனிமையாக அமைய வேண்டும் என்னும் நல்லெண்ணமே இவ்வழக்கத்தின் அடிப்படை.

எண்ணம் நன்றாயினும் விளைவு நன்றன்று. முதலாவதாக, சிறிய வயிற்றில் இனிப்பு நீர் இடம் பிடித்து, தாய்ப்பால் அருந்தும் நேரத்தைத் தள்ளிப்போடுகின்றது. மார்பை உறிஞ்சுதலே மேலும் பால் சுரத்தற்குத் தூண்டுகோல் ஆதலால், இத்தாமதம் தாயின் சுரப்பையும் குறைக்கின்றது. இரண்டாவதாக, விரல், துணி, சங்கு ஆகியவற்றின் வழியே கிருமிகள் புகுகின்றன. மூன்றாவதாக, தேனில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு வரும் இவ்வகை நோய் 1976இல் அமெரிக்காவில் இனங்காணப்பட்டது. தசைகளைத் தளர்த்தி, உறிஞ்சும் ஆற்றலையே அது முதலிற் பறிப்பதுண்டு. 12 மாதம் நிறையுமுன் குழந்தைக்குத் தேன் கொடுத்தல் கூடாது.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 88.6 சதவிகிதப் பிறப்புகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவிகிதமே. 6 மாதத்துக்குட்பட்டவர்களுள் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் 63.7 சதவிகிதம். மருத்துவமனையிற் பிறத்தல் மட்டும் முதற்பாலை உறுதி செய்யாது என்பதை இக்கணக்குகள் காட்டுகின்றன. தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்க 'மா' என்னும் தேசியத் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது இக்குறையை நீக்கும் பொருட்டே.

ஊழியர் இவ்வழக்கத்தைப் பழித்துப் பேசுதல் பயன் தராது. பிரசவத்துக்கு முன்பே, மாமியாரும் பாட்டியும் உடனிருக்கும் வேளையில், பேசுதல் நன்று. சீம்பாலே முதற்சுவையாக இருக்கட்டும் என்றும், குழந்தையைத் தாயின் மார்பிற் கிடத்தும் பொறுப்பைக் குடும்பத்தின் மூத்தவரே ஏற்கட்டும் என்றும் கூறினால் அவர்களுடைய உரிமையும் காக்கப்படும். குழந்தையின் நலமும் காக்கப்படும்.

சுவை வெறுப்பா, நோயின் குறியா?

பாலை மறுக்கும் குழந்தையைக் காணும்போது ஊழியர் முடிவு செய்ய வேண்டிய முதல் கேள்வி இதுவே. சுவை காரணமாக மறுக்கும் குழந்தை விழிப்புடன் இருக்கும், வலிமையாக அழும், முகத்தைச் சுளித்துத் திருப்பும், பெரும்பாலும் ஒரு மார்பையோ ஒரு வேளையையோ மட்டும் மறுக்கும், களிம்பைத் துடைத்தபின் அல்லது மறு மார்பில் வைத்தபின் உறிஞ்சும். மூக்கடைப்பு, வாய்ப்புண், தவறான பற்றுகை ஆகியவற்றையும் நோக்க வேண்டும். பற்றுகை சரியாயின் வாய் அகலத் திறந்திருக்கும். கீழுதடு வெளிப்புறம் மடங்கியிருக்கும். மோவாய் மார்பைத் தொடும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேற்பக்கம் அதிகமாகத் தெரியும்.

நோயுற்ற குழந்தையின் நிலை வேறு. முன்பு நன்றாக அருந்திய குழந்தை எந்த மார்பையும், எந்த வேளையிலும் பற்றாது; பற்றினாலும் இரண்டொரு முறை உறிஞ்சிச் சோரும்; அழுகை மெலியும்; எழுப்பினாலும் விழிக்காது. இத்துடன் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மார்புக்குழி உள்ளிழுத்தல், காய்ச்சல், உடல் குளிர்தல், வலிப்பு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் நிறம் ஆகியவற்றுள் எதுவும் காணப்படலாம். இவை காணப்படாவிடினும், பால் அருந்துவதை நிறுத்திய பச்சிளங்குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். போகும் வழியில் தாயின் உடலோடு சேர்த்து வெப்பத்தைக் காத்தல் வேண்டும்.

இவ்வேளையில் நாவில் தேன் தடவிப் பார்த்துக் காத்திருத்தல் மிகவும் ஆபத்தானது. குழந்தை நக்கலாம், உதட்டைச் சப்பலாம். மூளைத்தண்டின் அனிச்சைச் செயல் நோய்க் காலத்திலும் எஞ்சி நிற்கக்கூடும். அதனைக் கண்டு ஆறுதல் அடைந்து கழிக்கும் ஓரிரவு, இரத்தத்திற் கிருமி பரவிய குழந்தைக்கு மிக நீண்ட காலம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் ஆகிய மருத்துவத் தம்பதியர் 39 கிராமங்களில் நடத்திய பணி இங்கு நினைவு கூரத்தக்கது. உள்ளூர்ப் பெண்கள் வீடுதோறும் சென்று பச்சிளங்குழந்தைகளைக் காக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். நன்றாக உறிஞ்சிய குழந்தை தளர்தல் அவர்கள் கவனித்த குறிகளுள் ஒன்று. பணி தொடங்கிய மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது என 1999இல் அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் ஆஷா பணியாளர்கள் பிறந்த குழந்தையின் வீட்டுக்குச் சென்று காணும் இன்றைய முறைக்கு இத்தகைய அனுபவமே அடிகோலியது.

குறைமாதக் குழந்தைகள்

உறிஞ்ச இயலாத குறைமாதக் குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் நேரே வயிற்றுக்குச் செல்கின்றது. அப்போது நாவும் மூக்கும் பாலை அறிவதில்லை. பாலின் சுவையையும் மணத்தையும் முன்னதாக உணரச் செய்தால் வளர்ச்சி விரையுமா என ஆஸ்திரேலியாவில் சுமார் 400 குழந்தைகளைக் கொண்டு ஆராயப்பட்டது. 2021இல் வெளியான முடிவின்படி எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சுவைக்கு உறிஞ்சலைத் தூண்டும் குணம் உண்டெனினும், முதிராத நரம்புகளை அது முதிரச் செய்துவிடாது. காலமும் சிகிச்சையும் தாயின் அரவணைப்புமே அப்பணியைச் செய்யும்.

இத்தகைய குழந்தைகளுக்குக் கறந்த தாய்ப்பாலைப் பாலாடை கொண்டு சிறிது சிறிதாக ஊட்டுதல் இந்திய மருத்துவமனைகளில் பரவலாக உள்ளது. தாயின் பால் கிடைக்காதபோது உதவும் பொருட்டு, மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி நிறுவப்பட்டது.

வகுப்பிற் செய்து காட்ட

சுவை வேறு, மணம் வேறு என்பதை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். ஏலக்காய்ப் பொடி கலந்த சர்க்கரையைச் சிறிதளவு எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாவில் வைக்கச் செய்க. இனிப்பு மட்டுமே தெரியும். மூக்கை விட்டவுடன் ஏலக்காய் மணம் எழும். இனிப்பை நாவும், ஏலக்காயை மூக்கும் அறிந்தன. தாய்ப்பாலில் பாற்சர்க்கரையைக் குழந்தையின் நாவும், பூண்டு மணத்தை அதன் மூக்கும் அறிவது இவ்வாறே.

வினாக்கள்

1. பால் வரும்போதும் வராதபோதும் குழந்தை உறிஞ்சும் தாளம் எவ்வாறு வேறுபடுகின்றது?
2. தேனை நக்குதல் நல்ல உடல்நிலைக்குச் சான்றாகாது. ஏன்?
3. சர்க்கரை நீரால் அழுகை அடங்கிய குழந்தைக்குப் பசி தீர்ந்ததா? விளக்குக.
4. ஒரு மார்பை மட்டும் மறுக்கும் குழந்தையிடமும், இரு மார்பையும் மறுத்துச் சோர்ந்து கிடக்கும் குழந்தையிடமும் ஊழியர் செய்ய வேண்டுவன யாவை?
5. உங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கு முதலில் கொடுக்கப்படுவது யாது? அதற்குக் கூறப்படும் காரணம் என்ன? பெரியோரிடம் கேட்டு எழுதுக.